கோடு போட்ட கைக்கும் பெயர் உண்டு

எழும்பூர் மியூசியத்துக்குச் சென்னை ஜனங்கள் வைத்த பழைய பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சிச் சாலைக்கு ‘உயிர்க் காலேஜ்’. உயிர்க் காலேஜ் 1985-ல் வண்டலூருக்குப் போய்விட்டது. செத்த காலேஜ் பாந்தியன் ரோட்டிலேயே நிற்கிறது. கம்பெனி ஆட்சிக் காலத்தில், 1851-ல் தொடங்கப்பட்ட ஸ்தாபனம் அது. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் ரயிலேறி, கட்டுச்சோற்று மூட்டையோடு குழந்தை குட்டிகளை அழைத்துக்கொண்டு அங்கே போய்வந்த தொழிலாளர் குடும்பங்கள் நம்மில் ஏராளம்.

அங்கே திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்திருப்பீர்கள். பீரங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். வெண்கல நடராஜரையும், வெள்ளைக் கல்லில் செதுக்கிய அமராவதிச் சிற்பங்களையும் பார்த்திருப்பீர்கள். சிற்பங்களுக்கு அடியில் சீட்டு ஒட்டியிருக்கும். எந்த ராஜ வமிசம், எந்த நூற்றாண்டு, எந்த ஊர் என்பதெல்லாம் அதில் இருக்கும். செய்தவன் யார் என்பது மட்டும் அநேகமாக இருக்காது.

சோழர் காலத்தில் சிலை வார்த்தவன் பெயரை இன்று எங்கே போய்த் தேடுவது என்று சமாதானம் சொல்லலாம். ஒப்புக்கொள்வோம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டு அப்படிப்பட்ட காலமல்ல. அப்போது காகிதம் இருந்தது. பேரேடு இருந்தது. அச்சு இயந்திரம் இருந்தது. சம்பளப் பட்டியல் எழுதும் குமாஸ்தா இருந்தார். அந்த நூற்றாண்டில் சென்னை ராஜதானியில் கூலிக்கு வேலை செய்த சித்திரக்காரர்கள் போட்ட முன்வரைவுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் பெயரும் இருக்கிறது. அவை எங்கே இருக்கின்றன, யாருக்குத் தெரிகின்றன, யாருக்குத் தெரியாமல் போயின என்பதைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறோம்.

சித்திரக் கலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுமையாக மேலே படிக்க வேண்டுகிறோம்.

முன்வரைவு என்றால் என்ன?

சிப்காட்டில் லேத்தின் முன் நிற்கும் தோழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரும்பைத் தொடுவதற்கு முன்னால் டிராயிங் வருகிறது. அதன் மூலையில் கட்டம் கட்டியிருக்கும். வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார், ஒப்புதல் கொடுத்தவர் யார் என்று அதில் எழுதியிருக்கும். டிராயிங்கில் ஒரு நூல் தவறினால் துண்டு முழுவதும் கழிவு. கொத்தனார் சுவரெழுப்பும் முன் நூல் பிடிக்கிறார். நெசவாளி கட்டம் போட்ட தாளில் கரைப் பூவை எண்ணிக் குறித்துக்கொள்கிறார். நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்த பிறகே கோலத்தை இழுக்கிறார்கள்.

பொன்னேரிக்குக் கிழக்கே இருக்கும் பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டியது, சோழமண்டலக் கரையின் துணியைக் கப்பலேற்றுவதற்காகத்தான். இந்தக் கரையில் துணியில் சாயத்தால் படம் எழுதியவர்கள் முதலில் காகிதத்தில் வரைந்தார்கள். வரைந்த கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகத் துளை குத்தினார்கள். காகிதத்தைத் துணியின் மேல் விரித்து, கரித்தூள் கட்டிய சிறு துணி முடிச்சால் தட்டினார்கள். துளை வழியே கரி இறங்கித் துணியில் உருவம் விழும். அதன் பிறகுதான் சாயம் தொட்ட எழுதுகோல் அதன் மேல் ஓடும்.

துணி கப்பலேறிப் போயிற்று. துளை குத்திய காகிதம் நைந்து குப்பைக்குப் போயிற்று. 1742-ல் கெர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்த வேலை நுட்பம் முழுவதையும் துணி எழுதியவர்களிடமே கேட்டறிந்து கடிதமாகத் தம் நாட்டுக்கு அனுப்பினார். கேட்டு எழுதியவர் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. சொல்லிக் கொடுத்தவர்கள் பெயர் நிற்கவில்லை.

ஆகவே முன்வரைவு என்பது வேலையில் ஒரு பாதி. மூளையும் கையும் சேர்ந்து செய்யும் பாதி. முடிந்த பொருள் பளபளவென்று நிற்கும்போது, இந்தப் பாதிதான் முதலில் கண்ணுக்கு மறைந்து போகிறது.

கல் போயிற்று, கோடு மிஞ்சிற்று

முன்வரைவுக்கு என்ன மதிப்பு என்பதற்கு எழும்பூர் மியூசியத்திலேயே சாட்சி இருக்கிறது. அமராவதி மண்டபத்துக்குப் போனவர்கள் அந்தச் சிற்பங்களை மறந்திருக்க மாட்டார்கள். கிருஷ்ணா நதிக்கரையில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட பெரிய பௌத்த ஸ்தூபத்தின் கற்கள் அவை.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தார் அமராவதியில் தம் புதிய நகரத்தைக் கட்டினார். கட்டுவதற்குக் கல் வேண்டும். ஸ்தூபத்தைத் தோண்டினார்கள். சிற்பம் செதுக்கிய பலகைக் கற்கள் சுவருக்கும் படிக்கட்டுக்கும் போயின. சுண்ணாம்புக் காளவாயிலும் வெந்தன. 1816-ல் காலின் மெக்கன்சி என்ற சர்வே அதிகாரி தம் ஆட்களோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது, ஸ்தூபத்தின் நடுப்பகுதி குளமாகத் தோண்டப்பட்டிருந்தது.

மெக்கன்சியின் வரைவாளர்கள் எஞ்சிக் கிடந்த கற்களை அளந்து, பென்சிலாலும் மையாலும் காகிதத்தில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகும் கற்களின் கேடு நிற்கவில்லை. 1845-ல் வால்டர் எலியட் தோண்டிச் சென்னைக்கு அனுப்பிய கற்கள் வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-ல் ஒரு பகுதி லண்டனுக்குக் கப்பலேறிற்று. இன்று அமராவதிச் சிற்பங்கள் எழும்பூரிலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் பிரிந்து கிடக்கின்றன. மெக்கன்சியின் ஆட்கள் வரைந்த கற்களில் பல அடியோடு தொலைந்துபோயின. அவை எப்படி இருந்தன என்று உலகத்துக்குத் தெரிவது அந்தக் காகிதக் கோடுகளால் மட்டுமே.

அந்தக் கோடுகளைப் போட்டவர்கள் யார்? 1794-ல் சென்னையில் கம்பெனி ஒரு சர்வே பள்ளிக்கூடம் தொடங்கிற்று. அநாதை ஆசிரமத்துப் பையன்களை எடுத்து நிலம் அளக்கவும் வரையவும் பழக்கினார்கள். வளர்ந்த பிறகு காடு மேடெல்லாம் அனுப்பினார்கள். மெக்கன்சியின் உதவியாளர்களில் பலர் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள். கேட்பாரற்ற பிள்ளைகளின் கைதான் ஒரு நாகரிகத்தின் கடைசிச் சாட்சியத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. ஆனால் அந்தப் படங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘மெக்கன்சி சேகரம்’ என்ற பெயரில் இருக்கின்றன.

ரங்கையாவும் கோவிந்துவும்

இப்போது ஜீவனுள்ள செடிகளுக்கு வருவோம். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1819-ல் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் வைத்திய உத்தியோகத்துக்கு வந்தார். செடி கொடி ஆராய்ச்சியில் இறங்கினார். ஒரு செடியை உலர்த்தித் தாளில் ஒட்டினால் நிறம் போய்விடும், பூ நசுங்கிவிடும். ஆகவே வரைய ஆள் வேண்டும். 1820-களில் ரங்கையா என்ற சித்திரக்காரரை வேலைக்கு வைத்துக்கொண்டார். ரங்கையாவுக்குப் பின், 1840-களில், கோவிந்து வந்தார். பெயர்கள் தெலுங்குப் பெயர்கள்.

வேலை எப்படி நடந்தது? கூலிக்கு அமர்த்திய ஆட்கள் மலையேறி, புதரில் நுழைந்து, செடியைக் கொண்டுவருவார்கள். செடி வாடும் முன் சித்திரக்காரர் வரைய வேண்டும். தண்டின் வளைவு, இலையின் நரம்பு, மொட்டு, பூ, காய் எல்லாம் இருந்தபடியே வர வேண்டும். பூவைப் பிளந்து, உள்ளே இருக்கும் மகரந்தத் தாள் எத்தனை, சூலறை எத்தனை என்று பெரிதாக்கித் தனியே காட்ட வேண்டும். இந்த முன்வரைவை வைத்துக்கொண்டுதான் கல்லச்சு போடுவார்கள்.

கல்லச்சு என்பதும் உழைப்புத்தான். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் முகத்தில் பிசுக்குள்ள மையால் படத்தை எழுதி, கல்லை நீரால் நனைப்பார்கள். ஈரம் பிடித்த இடத்தில் அச்சு மை ஒட்டாது. பிசுக்குள்ள கோட்டில் மட்டும் ஒட்டும். அதன் மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் விழும். இந்த வித்தையை வைட் தாமே கற்றுக்கொண்டு சென்னையில் நடத்தினார்.

1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட கிழக்கிந்தியத் தாவரப் படத் தொகுதியில் 6 பாகங்கள். மொத்தப் படங்கள் 2101. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 ஆண்டுகளுக்கு, மாதம் சுமார் 12 படம். இதே காலத்தில் வெளிவந்த வண்ணப் பட நூல்கள் வேறு. பெரும் பகுதிக்கு மூலம், முதலில் ரங்கையாவின் கோடு, பிறகு கோவிந்துவின் கோடு.

வைட் துரையைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். அவர் தம் சித்திரக்காரர்களின் பெயரை மறைக்கவில்லை. படத்தின் கீழே ‘ரங்கையா வரைந்தது’, ‘கோவிந்து வரைந்தது’ என்று அச்சிட்டார். 1853-ல் ஓர் ஆர்க்கிட் செடியினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்து ‘கோவிந்தூயியா’ என்று அழைத்தார். அந்தக் காலத்தில் இது அபூர்வம். அவருக்கு முன் ராக்ஸ்பரோ என்பவரின் சோழமண்டலக் கரைச் செடிகள் பற்றிய 3 பாகப் புத்தகம் லண்டனில் வெளிவந்தது. அதில் 300 படங்கள். மூலச் சித்திரங்களை வரைந்தவர்கள் நம் நாட்டுச் சித்திரக்காரர்கள். அவர்களின் பெயர் அந்தப் படங்களில் இல்லை.

ஆனால் பெயர் அச்சானதோடு விஷயம் முடிந்துவிட்டதா? 1853-ல் வைட் ஊர் திரும்பினார். ரங்கையா, கோவிந்து இருவரின் சித்திரங்கள் நூற்றுக்கணக்கில் இன்று ஸ்காட்லாந்தில் எடின்பரோ தாவரத் தோட்டத்தில் இருக்கின்றன. ‘கோவிந்தூயியா’ என்ற பெயரும் நிலைக்கவில்லை. அந்தச் செடி ஏற்கெனவே பெயர் பெற்ற வேறொரு இனத்தைச் சேர்ந்தது என்று பின்னால் வந்த விஞ்ஞானிகள் தீர்மானித்தார்கள். அது விஞ்ஞான விதி, அதில் குற்றமில்லை. 2007-ல்தான் எடின்பரோவின் தாவரவியலாளர் ஹென்றி நோல்டி 3 பகுதிகளாக எழுதி வெளியிட்ட நூலில், வைட்டின் பெயரோடு ரங்கையா, கோவிந்து பெயர்களும் தலைப்பிலேயே ஏறின. வேலை முடிந்து 154 ஆண்டுகள் கழித்து! அதுவும் எடின்பரோவில். கோடு போடப்பட்ட நாட்டில், தமிழ்ப் பள்ளிக்கூடப் புத்தகம் படித்து வளர்ந்த நம்மில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரியும்?

செடிப் படமும் பருத்தி மூட்டையும்

கம்பெனிக்குச் செடி கொடியின் மேல் என்ன அப்படி ஆசை? வைட் 1842-ல் கோயம்புத்தூருக்குப் போனார். பூ வரையப் போகவில்லை. பருத்திச் சோதனைப் பண்ணைகளின் மேற்பார்வைக்குப் போனார். லங்காஷயர் ஆலைகள் அப்போது பெரும்பாலும் அமெரிக்காவின் அடிமைத் தோட்டங்களிலிருந்து வந்த பஞ்சை நம்பி ஓடின. ஒரே இடத்தை நம்பியிருப்பது முதலாளிகளுக்குக் கவலை தந்தது. ஆகவே 1840-ல் அமெரிக்கத் தோட்டக்காரர்களைக் கூட்டிவந்து, நீண்ட இழையுள்ள அமெரிக்கப் பருத்தியை நம் மண்ணில் விளைவிக்கப் பார்த்தார்கள். எந்தச் செடி எந்த மண்ணில் வளரும், எதற்கு உதவும், எதில் காசு வரும் என்று தெரிய வேண்டுமானால் செடிகளை அடையாளம் காண வேண்டும். அடையாளம் காணப் படம் வேண்டும். படத்துக்கு ரங்கையா வேண்டும்.

துணிக்கும் இதே கதை. 1866-ல் ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்ற அதிகாரி இந்தியத் துணிகளில் 700 மாதிரித் துண்டுகளை வெட்டி ஒட்டி 18 பாகப் புத்தகமாக்கினார். அதன் பிரதிகள் இங்கிலாந்தின் ஆலை நகரங்களுக்குப் போயின. இந்திய ஜனங்கள் எதை உடுத்துகிறார்கள் என்று பார்த்து, அதே மாதிரி இயந்திரத்தில் நெய்து அனுப்பலாம் அல்லவா? நம் நெசவாளியின் கரைப் பூவே அவனுடைய தறியை நிறுத்துவதற்கு மாதிரியாயிற்று. புத்தகத்தில் வாட்ஸனின் பெயர் இருக்கிறது. நெய்தவர் பெயர் கிடையாது.

ஆக, 19-ஆம் நூற்றாண்டின் இந்தச் சித்திரங்களைப் ‘பிரபுக்களின் பொழுதுபோக்கு’ என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. அவை அந்தக் காலத்து உற்பத்தியின் கருவிகள். வயலோடும் ஆலையோடும் சம்பந்தப்பட்டவை. அவற்றைச் செய்தவர்கள் நம்மைப் போலக் கூலி வாங்கி வேலை செய்தவர்கள்.

‘கைதானே, மூளையா?’

படித்தவர்களில் சிலர் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். ரங்கையாவும் கோவிந்துவும் எதிரே இருந்ததைப் பார்த்து எழுதியவர்கள்தானே, ஆராய்ச்சி செய்தவர் வைட் அல்லவா, மூளை ஒருவருடையது, கை இன்னொருவருடையது என்கிறார்கள்.

இந்த வாதத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? ஆலையில் தினமும் கேட்கிறோம். மிஷின் கோளாறை நாலு நாளாக இஞ்சினீயர்கள் பார்த்தும் பிடிபடவில்லை. இருபது வருஷம் அதன் பக்கத்தில் நின்ற ஃபிட்டர் சத்தத்தைக் கேட்டே இன்ன பேரிங் என்று சொல்லிவிடுகிறார். அறிக்கையில் யார் பெயர் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். எந்த மழைக்கு எந்த விதை என்று வயல் கூலியாள் சொல்கிறார். மகசூலுக்குப் பாராட்டு மிராசுதாரருக்குப் போகிறது.

பார்த்து எழுதுவது என்பது லேசான காரியமல்ல. ஓர் இலையில் ஆயிரம் நரம்பு இருக்கிறது. ஆயிரத்தையும் போட்டால் படம் கருத்துவிடும். எதைப் போடுவது, எதை விடுவது? இலையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டும் ஒரே தாளில் தெரிய வேண்டும். எந்த இலையை மடித்துத் திருப்புவது? நாலடிக் கொடியை ஒரு முழத் தாளில் எப்படி அடக்குவது? இவையெல்லாம் தீர்மானங்கள். தீர்மானம் செய்வது மூளை. அந்த மூளை, தூரிகை பிடித்த கையின் சொந்தக்காரருடையது.

இதனால்தான் முன்வரைவு முக்கியம் என்கிறோம். முடிந்த படத்தில் எல்லாம் தானாக வந்தது போலத் தோன்றும். முன்வரைவைப் பார்த்தால், முதலில் போட்ட கோடு, அதை அழித்துப் போட்ட கோடு, நிறத்தைச் சோதித்த தீற்றல், விளிம்பில் எழுதிய குறிப்பு என்று உழைப்பு படிப்படியாகத் தெரியும். சரக்கு சந்தைக்கு வந்ததும் அதற்குள் இருக்கும் உழைப்பு மறைந்து, பொருளுக்குத் தானாகவே மதிப்பு இருப்பது போல ஒரு மாயை உண்டாகிறது என்று 1867-ல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் விளக்கினார். முன்வரைவு அந்த மாயையைக் கலைக்கும் சாட்சி.

வயிறு காயும்போது படமா?

இன்னொரு கேள்வி நம் பக்கத்திலிருந்தே வரும். ஓவர்டைம் காசு வரவில்லை, நூறு நாள் வேலைக் கூலி பாக்கி நிற்கிறது, வீட்டு வாடகை ஏறிவிட்டது. இந்த நேரத்தில் செத்துப்போன சித்திரக்காரன் பெயரைத் தேடுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நேராகவே பதில் சொல்கிறோம்.

பெயர் என்பது அலங்காரமல்ல. அது பாத்தியதை. ஒப்பந்தத் தொழிலாளியின் கதை நமக்குத் தெரியாததா? பத்து வருஷம் ஒரே கேட் வழியாக உள்ளே போகிறார். அவர் வார்த்த இரும்பும் உருக்கிய கம்பியும் நாடெங்கும் பாலமாகவும் கட்டிடமாகவும் நிற்கின்றன. ஆனால் கம்பெனியின் நிரந்தரப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. கை போனால், ‘இவன் எங்கள் ஆள் அல்ல, காண்ட்ராக்டர் ஆள்’ என்பார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் பகுதியில் தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்யும் தோழர்கள் நிலை இன்னும் மோசம். அவர்கள் ஊர்ப் பெயராலும் பாஷைப் பெயராலும் அழைக்கப்படுகிறார்கள். சொந்தப் பெயரால் அழைப்பவர் குறைவு. பெயரை மறைப்பதுதான் கூலியை மறுப்பதற்கு முதல் படி. ஆகவே பெயரைக் கேட்பது கூலியைக் கேட்பதற்கு விரோதமான வேலை அல்ல. இரண்டும் ஒரே போராட்டம்.

சென்னைக் கலைப் பள்ளியின் சரித்திரமே இதற்கு உதாரணம். 1850-ல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கிய அந்தப் பள்ளியைப் பின்னர் சர்க்கார் எடுத்துக்கொண்டு, கைத்தொழிலுக்குப் பயன்படும் கலையைக் கற்பிக்கும் ஸ்தாபனமாக நடத்திற்று. இன்று பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது அதுதான். 1929-ல்தான் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவரானார். மெரினாவில் பாறையைப் புரட்டும் நாலு உழைப்பாளிகளின் சிலையைச் செய்தவர் அவரே. 1959-ல் நிறுவிய அந்தச் சிலையின் முன்னால் மே தினத்தன்று நாம் மாலை வைக்கிறோம். உழைப்பாளிக்கும் சிலை உண்டு என்று காட்டிய கலை, நமக்கு அன்னியமானதல்ல.

நம் ஜில்லாவிலேயே

பழைய கற்கருவிகள் விஷயத்தில் திருவள்ளூர் ஜில்லா உலகப் பிரசித்தி பெற்றது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பள்ளத்தாக்கில் அத்திரம்பாக்கத்தில் ஆதிமனிதனின் கற்கருவிகளைக் கண்டார்கள். பிற்கால ஆராய்ச்சி அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது கணித்திருக்கிறது. ஃபுட் சேர்த்த கருவிகள் 1904-ல் எழும்பூர் மியூசியத்துக்கு வந்தன. பூண்டியில் அகழ்வைப்பகமும் இருக்கிறது. அந்தக் கல்லைத் தட்டிக் கூராக்கியவன் பெயரை எந்த விஞ்ஞானமும் கண்டுபிடிக்க முடியாது. அதனாலேயே சொல்கிறோம்: கண்டுபிடிக்க முடிந்த பெயரை விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

நம் கோரிக்கைகள் இவை.

ஒன்று: மியூசியங்களிலும் பழைய நூலகங்களிலும் கலைக் கல்லூரியிலும் உள்ள 19-ஆம் நூற்றாண்டு வரைவுகளுக்குச் சர்க்கார் முழுப் பட்டியல் தயாரித்து வெளியிட வேண்டும். சேகரித்தவர் பெயரோடு வரைந்தவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். பெயர் அகப்படாத இடத்தில் ‘சேகரம்’ என்று எழுதி மூடிவிடாமல், எந்த ஊர், எந்தத் தொழிற்சாலை, எந்தப் பள்ளி என்றாவது எழுத வேண்டும்.

இரண்டு: முடிந்த படத்தின் பக்கத்தில் முன்வரைவையும் வைக்க வேண்டும். நீர் வர்ணமும் காகிதமும் வெளிச்சத்தில் மங்கும் என்பது உண்மைதான். அதற்கு வழி பூட்டி வைப்பது அல்ல. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வைக்கலாம். நல்ல நகல்களை நிரந்தரமாக வைக்கலாம்.

மூன்று: எடின்பரோவிலும் லண்டனிலும் உள்ள நம் சித்திரக்காரர்களின் படங்களுக்கு நல்ல நகல்களைக் கேட்டு வாங்க வேண்டும். அவற்றை எழும்பூரோடு நிறுத்தாமல் பூண்டிக்கும் ஜில்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் கொண்டுவர வேண்டும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். நம் எல்லையோர ஜனங்களுக்காகவும், ரங்கையா, கோவிந்துவின் மரியாதைக்காகவும் தெலுங்கிலும் இருக்கட்டும்.

நாலு: எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. மற்ற நாட்களில் மாலையில் கதவை அடைத்துவிட்டால் பகல் ஷிப்டுக்காரர் எப்போது போவது? மாதத்தில் சில நாட்களாவது இரவு வரை திறந்து வைக்க வேண்டும்.

சங்கங்களுக்கும் வேலை உண்டு. வாயிற்கூட்டம் போடுவது போல, வருஷத்துக்கு ஒருமுறை உறுப்பினர்களைக் குடும்பத்தோடு அழைத்துப்போக ஏற்பாடு செய்யலாம். கும்மிடிப்பூண்டி வண்டியோ திருவள்ளூர் வண்டியோ ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் வண்டி மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். போகும்போது குழந்தைகளுக்கு ரங்கையா, கோவிந்துவின் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். அங்கே நல்ல படத்தையோ சிலையையோ பார்த்தால், கண்ணாடிக்குள் இருக்கும் சீட்டைப் படியுங்கள். செய்தவர் பெயர் அதில் இல்லையென்றால், பார்வையாளர் புத்தகத்தை வாங்கி, ‘இதைச் செய்தது யார்?’ என்று எழுதிக் கீழே உங்கள் பெயரையும் தொழிலையும் போட்டுவிட்டு வாருங்கள். நூறு பேர் எழுதினால் அதிகாரி படிப்பார். ஆயிரம் பேர் எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.